பேட்டரி இறந்த பிஎஸ்/2 சர்வரும் அதன் ரெஃபரன்ஸ் டிஸ்க்கும்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஐபிஎம் நிறுவனம் 1987 ஏப்ரல் 2 அன்று பிஎஸ்/2 என்ற தனிநபர் கணினி வரிசையை அறிமுகப்படுத்தியபோது, கணினியின் அமைப்புகளை மாற்றும் நிரலைத் தாய்ப்பலகையிலுள்ள ரோம் என்ற நிலையான நினைவகச் சில்லில் வைக்கவில்லை. 3.5 அங்குல ஃபிளாப்பி ஒன்றில் வைத்து, கணினியோடு சேர்த்துக் கொடுத்தது. அதுதான் ரெஃபரன்ஸ் டிஸ்க். இன்று கணினியை முடுக்கியதும் டெலீட் விசையையோ எஃப்2 விசையையோ தட்டினால் வருகிற திரை இந்த இயந்திரங்களில் கிடையாது. தேதி வைப்பது, புதிய அட்டையை (கூடுதல் வசதிக்காகச் செருகும் மின்சுற்றுப் பலகையை) சேர்ப்பது, நினைவகத்தைச் சோதிப்பது எல்லாமே அந்த ஃபிளாப்பி வழியாகத்தான் நடந்தாக வேண்டும். அது தொலைந்தால் நல்ல நிலையில் இருக்கிற சர்வரைக்கூட எழுப்ப முடியாமல் போகலாம்.

இந்த ரெஃபரன்ஸ் டிஸ்க்குகளின் நகல்கள் இணையத்தில் கிடைக்கின்றன. அதனால் பழைய கணினிகளைப் பிரித்துப் போடுகிறவர்கள் கையேட்டோடு இருக்கும் ஃபிளாப்பியைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். ஒரு சர்வரோடு ஆண்டுக்கணக்கில் இருந்து பயன்பட்ட டிஸ்க்கும், அதே பதிப்பின் இணைய நகலும் ஒன்றல்ல. கீழே சொல்லும் நிகழ்வில் இந்த வேறுபாடு இல்லையென்றால் சர்வர் எழுந்திருக்காது.

இயந்திரம் பிஎஸ்/2 மாடல் 80, வகை எண் 8580-111. தரையில் நிற்கும் கோபுர வடிவம். 20 மெகாஹெர்ட்ஸ் 386 செயலி, இஎஸ்டிஐ என்ற அக்கால இணைப்பு முறையில் 115 மெகாபைட் வன்தட்டு, அதில் நாவல் நிறுவனத்தின் நெட்வேர் 3.11 என்ற சர்வர் இயங்குதளம். டொரண்டோவுக்கு வெளியே உள்ள ஒரு மரக்கடையில் கணக்கும் சரக்கு இருப்பும் இதில்தான் ஓடின. கடை கைமாறியபோது சர்வரை அணைத்துக் கிடங்கில் வைத்துவிட்டார்கள். பழைய கொள்முதல் பதிவுகள் தேவைப்பட்டதால், கடையைத் தொடங்கியவரின் மகள் எங்களைக் கூப்பிட்டார். காப்பு நாடாக்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அவற்றைப் படிக்கும் டிரைவ் இல்லை. ஆகவே சர்வரை ஒரு தடவையாவது ஓடவைத்துக் கோப்புகளை எடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

முதலில் தூசு தட்டி, மின்வழங்கியைத் தனியாகச் சோதித்துவிட்டு முடுக்கினோம். விசிறியும் வன்தட்டும் சுழன்றன. நினைவக எண்ணிக்கை ஓடி முடிந்ததும் இரண்டு பீப். திரையின் மூலையில் 161, 163, 165 என்ற எண்கள்.

பிஎஸ்/2 பேசும் மொழியே இந்த எண்கள்தான். 161 என்றால் பேட்டரி தீர்ந்துவிட்டது. 163 என்றால் தேதியும் நேரமும் இல்லை. இவை இரண்டும் எதிர்பார்த்ததுதான். வேலையைப் பெரிதாக்குவது 165: செருகியிருக்கும் அட்டைகளும், சேமித்து வைத்த அமைப்பும் ஒத்துப்போகவில்லை என்பது அதன் பொருள்.

இதைப் புரிந்துகொள்ள, அட்டைகளைத் தாய்ப்பலகையோடு இணைக்கும் மைக்ரோ சேனல் பஸ்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துச் சாதாரண பிசியில் அட்டைகளின் மேலுள்ள ஜம்பரையும் சின்ன சுவிட்சையும் நகர்த்தித்தான் குறுக்கீட்டு எண், போர்ட் முகவரி போன்றவற்றை வைப்பார்கள். மைக்ரோ சேனலில் ஐபிஎம் அந்த வழக்கத்தைக் கைவிட்டது. ஒவ்வொரு அட்டை வகைக்கும் 16 பிட் அடையாள எண் ஒன்று உண்டு. தாய்ப்பலகை ஒவ்வொரு ஸ்லாட்டாகத் தேர்ந்தெடுத்து, பதினாறடிமான (ஹெக்ஸாடெசிமல்) எண்ணில் 100, 101 என்ற போர்ட்களைப் படித்தால் அந்த எண் கிடைக்கும். அடுத்து 102இலிருந்து தொடங்கும் போர்ட்களில் அமைப்பு பைட்டுகளை எழுத வேண்டும். 102இன் கடைசி பிட் 1 ஆனால்தான் அட்டை விழிக்கும். அதுவரை பஸ்ஸில் அது இருந்தும் இல்லாத மாதிரிதான். இந்த பைட்டுகளை மாடல் 80 பேட்டரியால் உயிர்வாழும் 2 கிலோபைட் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முடுக்கத்திலும் அட்டைகளுக்கு எழுதும். பேட்டரி போனால் அந்தப் பதிவு போகும். பதிவு போனால் அத்தனை அட்டைகளும் உறக்கத்திலேயே கிடக்கும். வன்தட்டுக் கட்டுப்பாட்டு அட்டையும் அவற்றில் ஒன்று. ஆகவே வன்தட்டு நன்றாகச் சுழன்றாலும் அதிலிருந்து கணினி எழாது. ஃபிளாப்பிக் கட்டுப்படுத்தி மட்டும் தாய்ப்பலகையிலேயே இருக்கிறது. உள்ளே போக மிஞ்சியிருக்கும் ஒரே கதவு அதுதான்.

எந்த அட்டைக்கு என்ன பைட் எழுதலாம் என்பது கணினிக்கு எப்படித் தெரியும்? அதற்காகவே ஒவ்வொரு அட்டைக்கும் ஏடிஎஃப் என்ற விவரக் கோப்பு உண்டு. கோப்பின் பெயர் @ குறியும் அட்டையின் நான்கு இலக்க அடையாள எண்ணும். எடுத்துக்காட்டாக 3காம் ஈதர்லிங்க்/எம்சி பிணைய அட்டையின் எண் 6042. அதன் கோப்பு @6042.ஏடிஎஃப். ஐபிஎம் தன் முதன்மையான அட்டைகளுக்கான கோப்புகளை ரெஃபரன்ஸ் டிஸ்க்கிலேயே வைத்திருந்தது. மற்ற நிறுவனங்களின் அட்டைகளோடு ஆப்ஷன் டிஸ்க் என்று தனி ஃபிளாப்பி வரும். ரெஃபரன்ஸ் டிஸ்க்கின் முதன்மைப் பட்டியலில் ஐந்தாவதாக இருப்பது, ஆப்ஷன் டிஸ்க்கை நகலெடுக்கும் வழி. அதைத் தேர்ந்தெடுத்தால் அட்டையின் ஏடிஎஃப் கோப்பும், இருந்தால் அதன் சோதனை நிரலும் ரெஃபரன்ஸ் டிஸ்க்கில் வந்து சேரும்.

இப்போது விஷயம் புரியும். ஒரு சர்வரில் ஒவ்வொரு அட்டையாகச் சேரச் சேர, அதன் ரெஃபரன்ஸ் டிஸ்க்கும் வளர்ந்துகொண்டே போகிறது. சில ஆண்டுகளில் அது அந்த ஓர் இயந்திரத்துக்கே உரிய டிஸ்க்காக ஆகிவிடுகிறது. கூடவே, அமைப்பைக் காப்பெடுக்கும் வழி ஒன்றும் அந்த நிரலில் உண்டு. அதைப் பயன்படுத்தியிருந்தால், அப்போதைய அமைப்பின் பதிவும் அதே ஃபிளாப்பியில் எழுதப்பட்டிருக்கும். பேட்டரி தீர்ந்துபோகும் நாளை எண்ணியே ஐபிஎம் இதை வைத்தது. ஆனால் செய்து வைத்தவர்கள் குறைவு.

எங்களிடம் முதலில் இருந்தது மாடல் 70க்கும் 80க்கும் பொதுவான ரெஃபரன்ஸ் டிஸ்க்கின் இணைய நகல். அதை ஃபிளாப்பியில் எழுதிச் செருகினோம். 165 பிழையை விளக்கிவிட்டு, தானாக அமைத்துக்கொள்ளட்டுமா, ஆம் அல்லது இல்லை என்று கேட்டது. என்னோடு வேலை செய்யும் யாழ்ப்பாணத்துத் தம்பி கேட்டார்: “அண்ணை, ஓம் எண்டு குடுத்தா எல்லாத்தையும் அதுவே சரிபண்ணிப்போடும்தானே?”

“பண்ணும் தம்பி. முதல்ல எந்த ஸ்லாட்ல என்ன அட்டை இருக்குன்னு எழுதிக்குவோம். அப்புறம் பார்க்கலாம்.”

‘இல்லை’ கொடுத்து, மூடியைத் திறந்தோம். இந்த இடத்தில் பொறுமை தேவை. தானியங்கி அமைப்பு கெட்டது என்று நான் சொல்லவில்லை. மோதல் இல்லாமல் முகவரிகளைப் பகிர்ந்து தருவதில் அது திறமையானது. ஆனால் பழைய நிலை எப்படி இருந்தது என்பது அதற்குத் தெரியாது. கோப்பு இல்லாத அட்டையை விட்டுவிட்டு மற்றவற்றை அமைத்துவிடும். சர்வரில் உள்ள இயங்குதளமோ பழைய நிலையையே எதிர்பார்த்து நிற்கும். நெட்வேரில் மைக்ரோ சேனல் பிணைய அட்டையின் டிரைவரை ஏற்றும்போது ஸ்லாட் எண்ணைக் கொடுப்பார்கள். தூசு தட்டுகிற சாக்கில் அட்டையைக் கழற்றி வேறு ஸ்லாட்டில் செருகினால், அந்த வரி பொய்யாகிவிடும். எனவே அட்டைகள் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும்.

மாடல் 80இல் எட்டு ஸ்லாட்டுகள். மூன்றில் அட்டைகள் இருந்தன: ஐபிஎம்மின் இஎஸ்டிஐ கட்டுப்பாட்டு அட்டை, 3காம் ஈதர்லிங்க்/எம்சி, வேறொரு நிறுவனத்தின் 32 பிட் நினைவக அட்டை. முதலாவதற்கான கோப்பு நம் நகலில் இருந்தது. 3காம் கோப்பு இணையக் காப்பகங்களில் எளிதில் கிடைத்தது. மூன்றாவதற்கு எங்கே தேடியும் கிடைக்கவில்லை. அதுதான் முக்கியமான அட்டை. நெட்வேர் 3.11, ஒரு தொகுதியை (வன்தட்டில் கோப்புகள் இருக்கும் பகுதியை) ஏற்றும்போது, எந்தக் கோப்பு எங்கே என்று காட்டும் அதன் கோப்பு ஒதுக்கீட்டு அட்டவணையை முழுக்க நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். நினைவகம் குறைந்தால் தொகுதி ஏறாது. தாய்ப்பலகையில் இருந்த நினைவகம் மட்டும் அதற்குப் போதாது.

கடைக்காரரின் மகளிடம், இதோடு வந்த கையேடு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டோம். அலுவலக அலமாரியில் இருந்த காகிதக்கட்டில் குயிக் ரெஃபரன்ஸ் கையேடு கிடைத்தது. பிஎஸ்/2 உரிமையாளர்களுக்கு ஐபிஎம் கொடுத்த சிறு நூல் அது. அதன் பின்னட்டை உறையில் ரெஃபரன்ஸ் டிஸ்க் இருக்கும். அங்கே இரண்டு ஃபிளாப்பிகள் இருந்தன. ஒன்று ஐபிஎம்மின் மூலப்பிரதி. மற்றொன்றின் மேல் பென்சிலால் ‘சர்வர் – வொர்க்கிங் காப்பி’ என்று எழுதியிருந்தது. மூலப்பிரதியில் எதையும் சேர்க்க முடியாதபடி எழுத்துத் தடை உண்டு. அதனால்தான் முதன்மைப் பட்டியலின் இரண்டாவது வழியே ரெஃபரன்ஸ் டிஸ்க்கை நகலெடுப்பதாக இருக்கிறது. அந்தப் பென்சில் எழுத்தை எழுதியவர் கையேட்டைப் படித்து, சொன்னபடி நடந்தவர். அவர் யாரோ, அவருக்கு என் வணக்கம்.

இப்படி ஒரு டிஸ்க் கிடைத்தால் உடனே பழைய சர்வரில் செருகத் தோன்றும். செருகக் கூடாது. காரணங்கள் இரண்டு. பல ஆண்டுகள் ஈரத்தில் இருந்த ஃபிளாப்பியின் பரப்பில் பூஞ்சை இருக்கலாம். படிக்கும் தலை அதில் உரசினால் பரப்பும் போகும், தலையும் அழுக்காகும். மேலும் பிஎஸ்/2வின் அமைப்பு நிரல் டிஸ்க்கில் எழுதவும் செய்யும். நமக்குத் தேவையான காப்புப் பதிவையே அது அழித்து எழுத வாய்ப்பு உண்டு. எழுத்துத் தடைத் தாழ்ப்பாளைத் திறந்த நிலைக்குத் தள்ளி, உலோக மூடியை விலக்கி வெளிச்சத்தில் சுற்றிப் பார்த்தோம். பரப்பு சுத்தமாகவே இருந்தது. பிறகு லினக்ஸ் கணினியில் யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் வைத்து, பழுதான வட்டிலிருந்து தரவை மீட்கும் டிடிரெஸ்க்யூ நிரலால் செக்டார் செக்டாராகப் படியெடுத்தோம். 1.44 மெகாபைட் ஃபிளாப்பியில் 2,880 செக்டார்கள். ஒவ்வொன்றும் 512 பைட். சில செக்டார்கள் பிடிவாதமாகப் படிக்க மறுத்தன.

பிஎஸ்/2 ஃபிளாப்பி விஷயத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அக்கால பிஎஸ்/2 டிரைவ்கள் ஃபிளாப்பியின் மூலையிலுள்ள அடர்த்தித் துளையைப் பார்ப்பதில்லை. 720 கிலோபைட் ஃபிளாப்பியை 1.44 மெகாபைட்டாக வடிவமைத்துத் தந்துவிடும். அந்த ஃபிளாப்பி பிஎஸ்/2வில் ஓடும். வேறு கணினியில் செருகினால் குப்பை என்று சொல்லிவிடும். வேறு டிரைவில் எதுவுமே படிக்கவில்லை என்றால், ஃபிளாப்பி செத்துவிட்டது என்று முடிவு கட்டுமுன் அந்தத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இந்த நிகழ்வில் துளை இருந்தது, சிக்கல் அதுவல்ல.

எந்தெந்தக் கோப்புகளில் ஓட்டை விழுந்திருக்கிறது என்று ஒத்துப் பார்த்தோம். பெரும்பாலான பழுது ஐபிஎம்மின் நிரல் கோப்புகளில் விழுந்திருந்தது. அவற்றை அதே பதிப்பின் நல்ல நகலிலிருந்து கோப்பு கோப்பாக மாற்றிவிடலாம். ஒரு பழுது மட்டும் நினைவக அட்டையின் ஏடிஎஃப் கோப்புக்குள் இருந்தது. வேறெங்கும் கிடைக்காத கோப்பு அது ஒன்றுதான்.

ஆனால் ஏடிஎஃப் என்பது வெறும் உரைக்கோப்பு. எந்த எடிட்டரிலும் திறந்து வாசிக்கலாம். மேலே அட்டையின் எண், பெயர், எத்தனை அமைப்பு பைட்டுகள் என்ற விவரம். கீழே ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு பத்தி: திரையில் என்ன கேட்க வேண்டும், என்னென்ன விடைகள் உண்டு, ஒவ்வொரு விடைக்கும் எந்த பைட்டில் எந்த பிட்டை 1 ஆக்க வேண்டும், எந்த முகவரியை அது எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு தேர்வின் முடிவிலும் உதவிக் குறிப்பு. எங்கள் நல்ல நேரம், காணாமல்போன 512 பைட்டுகள் அப்படியொரு நீண்ட உதவிக் குறிப்பின் நடுவே இருந்தன. அமைப்பு வரிகள் எல்லாம் முழுசாக இருந்தன. ஓட்டையை வெற்றிடங்களால் நிரப்பினோம். குறிப்பைத் தொடங்கும் மேற்கோள் குறியும் முடிக்கும் மேற்கோள் குறியும் இரண்டுமே தப்பியிருக்கின்றன என்று பார்த்துக்கொண்டோம். அந்தக் குறிகளில் ஒன்று போயிருந்தாலும் அதற்குக் கீழுள்ள வரிகளையெல்லாம் நிரல் குறிப்பின் பகுதி என்றே எடுத்துக்கொள்ளும்.

இதன் நடுவே சர்வரின் ஃபிளாப்பி டிரைவ் இடையிடையே படிக்கத் தவறியது. இந்தக் காலத்து டிரைவ்களில் மின்தேக்கிகள் ஒழுகுவது வழக்கமான நோய். ஒழுகிய திரவம் பலகையின் செம்புத் தடங்களை அரிக்கும். சாதாரண பிசி டிரைவை அப்படியே மாட்டவும் முடியாது. பிஎஸ்/2வில் டிரைவுக்கான மின்சாரமும் அதே நாடா வழியாகத்தான் வருகிறது. மின்தேக்கிகளை மாற்றி, பலகையைக் கழுவி, தலையைச் சுத்தம் செய்ததும் டிரைவ் ஒழுங்குக்கு வந்தது. பேட்டரி 6 வோல்ட் லித்தியம் வகை, ஒலிபெருக்கியோடு சேர்ந்த ஒரு கூட்டில் உட்கார்ந்திருக்கும். கேமராவுக்கு விற்கும் சிஆர்-பி2 அதே இடத்தில் பொருந்துகிறது.

பழுது நீக்கிய படியைப் புதிய ஃபிளாப்பியில் எழுதி முடுக்கினோம். 161 போய்விட்டது. தேதி வைத்ததும் 163உம் போனது. அமைப்பை மீட்கும் வழியைத் தேர்ந்தெடுத்தோம். காப்புப் பதிவு இருந்தது, மீட்டது. ஆனால் அடுத்த முடுக்கத்தில் மறுபடி 165. அமைப்பைப் பார்க்கும் திரையில் காரணம் தெரிந்தது: இஎஸ்டிஐ அட்டையும் 3காம் அட்டையும் முன்பு இருந்த நிலைக்கு வந்துவிட்டன, நினைவக அட்டை மட்டும் வரவில்லை. காப்பெடுத்த பிறகுதான் அந்த அட்டையைச் செருகியிருக்கிறார்கள். அதற்கப்புறம் யாரும் புதிதாகக் காப்பெடுக்கவில்லை. ஏடிஎஃப் இருப்பதால் இதில் சிரமமில்லை. அமைப்பை மாற்றும் திரைக்குப் போய், அந்த ஸ்லாட்டில் கோப்பு தரும் தேர்வுகளிலிருந்து நினைவகத்தின் தொடக்க முகவரியைக் கையால் வைத்தோம். நினைவக அளவு மாறியதால் ஒரு தடவை 164 வந்தது. புதிய அளவைச் சேமித்ததும் ஒரே பீப். உடனே அமைப்பைப் புதிதாகக் காப்பெடுத்துவிட்டோம்.

இந்த நிலையில் பலர் நேராக நெட்வேரை முடுக்கிவிடுவார்கள். நினைவகத்தைச் சோதிக்காமல் தொகுதியை ஏற்றுவது எனக்குச் சம்மதமில்லை. தொகுதி ஏறும்போதே நெட்வேர் வன்தட்டில் எழுதத் தொடங்கும். ஒரு பிட் தவறும் நினைவகம் வழியாக ஒதுக்கீட்டு அட்டவணை போய்வந்தால், நாம் மீட்க வந்த கோப்புகளை நாமே கெடுத்தவர்கள் ஆவோம். ரெஃபரன்ஸ் டிஸ்க்கின் முதன்மைப் பட்டியலில் கணினியைச் சோதிக்கும் வழி இருக்கிறது. அது சாதாரணப் பயனருக்கானது. அதே பட்டியல் திரையில் கன்ட்ரோல்-ஏ அழுத்தினால் பழுதுபார்ப்பவர்களுக்கான மேம்பட்ட சோதனைப் பட்டியல் திறக்கும். திரையில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இராது. அங்கே சோதனைகளைத் திரும்பத் திரும்ப ஓடவிட முடியும்.

ஓர் எச்சரிக்கை. அதே மேம்பட்ட பட்டியலில், சோதனைக்கு அடுத்த வரியிலேயே, வன்தட்டை வடிவமைக்கும் வழியும் இருக்கிறது. அது மேலோட்டமான வடிவமைப்பு இல்லை. தடங்களையே புதிதாகப் போடுவது. அதற்குப் பிறகு மீட்க எதுவும் மிஞ்சாது. ஆகவே விசைப்பலகையில் ஒருவர் கை, திரையில் இன்னொருவர் கண் என்று வைத்துக்கொண்டோம்.

சாதனப் பட்டியலைக் காட்டி, இது சரியா என்று நிரல் கேட்டது. மூன்று அட்டைகளையும் பட்டியலோடு ஒப்பிட்டு, ஆம் கொடுத்து, நினைவகச் சோதனையைச் சுற்றுச் சுற்றாக ஓடவிட்டோம். 201 வந்தது, அதாவது நினைவகப் பிழை. முகவரி, கூடுதல் அட்டையின் பரப்புக்குள் விழுந்தது. அட்டையைக் கழற்றி, நினைவகத் துண்டுகளின் தொடுமுனைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, அதே ஸ்லாட்டில் திரும்பச் செருகினோம். இரவு முழுக்க ஓடியும் பிழை வரவில்லை. வன்தட்டுச் சோதனையும் தேறியது.

நெட்வேர் எழுந்த கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். வன்தட்டின் டாஸ் பகுதியிலிருந்து சர்வர் நிரல் ஏறியது. இஎஸ்டிஐ டிரைவர் ஏறியது. தொகுதி எந்த முறையீடும் இல்லாமல் ஏறியது. பிணைய அட்டையின் டிரைவர் வரியில் இருந்த ஸ்லாட் எண்ணும், அட்டை செருகியிருந்த ஸ்லாட்டும் ஒன்றே. மறுமுனையில் கோஆக்சியல் இணைப்புள்ள அட்டையோடு ஒரு விண்டோஸ் 98 கணினி வைத்தோம். கம்பியின் இரு முனைகளிலும் 50 ஓம் டெர்மினேட்டர் (முனையை முடிக்கும் மின்தடை). முதலில் சர்வர் கண்ணில் படவில்லை. நெட்வேர் 3.11 இயல்பாகப் பேசுவது ஈதர்நெட் 802.3 சட்டக வகை (பிணையத்தில் தரவைப் பொதியும் வடிவம்), 3.12இலிருந்துதான் 802.2. விண்டோஸ் பக்கம் தானாகக் கண்டுபிடிக்கும்படி விட்டிருந்ததை 802.3 என்று நிலையாக வைத்ததும் சர்வர் பெயர் வந்தது. கணக்குகள், கொள்முதல் பதிவுகள், வாடிக்கையாளர் பட்டியல் எல்லாவற்றையும் படியெடுத்தோம். அப்படியே சர்வரை முறைப்படி இறக்கிவிட்டு அணைத்தோம்.

வாடிக்கையாளரிடம் திருப்பிக் கொடுத்தவற்றில் கோப்புகள் தவிர இவையும் இருந்தன: பழைய ‘வொர்க்கிங் காப்பி’ ஃபிளாப்பி எழுத்துத் தடையோடு அப்படியே, அதன் முழுப் படிமக் கோப்பு, பழுது நீக்கி எழுதிய புதிய ஃபிளாப்பிகள் இரண்டு, எந்த ஸ்லாட்டில் எந்த அட்டை, எந்த முகவரி என்று எழுதிய ஒரு தாள். அந்தத் தாளின் நகலை கோபுரத்தின் உட்பக்க மூடியில் ஒட்டியிருக்கிறோம், பேட்டரி மாற்றிய தேதியோடு. அந்த நினைவக அட்டையின் ஏடிஎஃப் கோப்பையும், உதவிக் குறிப்பில் எந்த இடத்தில் எழுத்துகள் இல்லை என்ற விவரத்தோடு, பிஎஸ்/2 கோப்புகளைச் சேர்த்துவைக்கும் காப்பகங்களுக்கு அனுப்ப எடுத்து வைத்திருக்கிறோம். முழுக் குறிப்போடு நல்ல படி யாரிடமாவது இருந்தால், அதுவே அந்த இடத்துக்கு உரியது.